தண்ணி பார்த்தவன்

"விரலை வெச்சுக் காட்டு திருமூர்த்தி, அப்பத்தான் அவனுக்குப் புரியும்" என்று தாமோதரசாமி சொன்னார். திருமூர்த்தியும் வைத்தான். கழற்றிப்போட்ட பழைய சிலிண்டர் ஹெட்டைத் தொடைமேல் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, மூன்றாவது சிலிண்டரின் இரண்டு வால்வுகளுக்கு நடுவே ஓடிய விரிசலில் ஆள்காட்டி விரலை வைத்து, சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் பாதிச் சிரிப்போடு போட்டோவுக்கு உட்கார்ந்திருந்தான். ஐம்பத்தொன்பது வயதில் ஒரு மெக்கானிக் இந்தக் கோலத்தில் உட்காரலாமா? உட்கார்ந்தான். பெரியவர் போனை எட்டப் பிடித்து இரண்டு தடவை எடுத்தார், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார், இறக்கினார், புனேயில் இருக்கும் மகன் சுதர்சனுக்கு அனுப்பினார். கூடவே என்ன எழுதினார் என்பதும் திருமூர்த்திக்குத் தெரியும். வாய்விட்டுச் சொல்லிக்கொண்டேதான் எழுதினார். 'ஒன்பது வருஷம் முன்னாடி நீ செஞ்ச வேலை. பார்.' அனுப்பிவிட்டு வீட்டுக்குள் போய்விட்டார். அது பத்தேகால் மணிக்கு. இப்போது பத்தரை. குன்னூரிலிருந்து வந்த மாற்று ஹெட் பெரியவருடைய பழைய காரின் இன்ஜின்மேல் ஏறி உட்கார்ந்துவிட்டது, பத்து நட்டும் கையால் திருகியாயிற்று, இனி டார்க் ரெஞ்ச் போட்டு அளவு பார்த்து முறுக்க வேண்டியதுதான் பாக்கி. ஆனால் அந்த விரல் மட்டும் அவன் சொன்னபடி கேட்கவில்லை. மண்ணெண்ணெயில் கழுவினான், பழைய வேட்டித் துணியில் அழுத்தித் துடைத்தான். தொட்ட இடத்தையே இன்னும் தொட்டுக்கொண்டிருப்பதுபோல இருந்தது.

நடுவில்தான் ஆரம்பிக்க வேண்டும். நடு நட்டு, அதற்கு எதிர்த்த நட்டு, பிறகு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று வெளியே விரிந்துகொண்டே போக வேண்டும். ஓரத்தில் ஆரம்பித்தால் ஹெட் வளைந்துகொள்ளும். முதல் சுற்று இருபது பவுண்டு, அடுத்தது நாற்பது, மூன்றாவது அறுபது. ஒரே மூச்சில் அறுபதுக்குப் போகிறவன் மெக்கானிக் இல்லை. இதெல்லாம் திருமூர்த்திக்குத் தூக்கத்திலும் தெரியும், அதனால் கை வேலையைப் பார்த்துக்கொண்டது, மனசுக்கு வேலை இல்லாமல் போயிற்று, வேலை இல்லாத மனசு எங்கே போகும், போகக்கூடாத இடத்துக்குத்தான் போகும். சொல்லிவிடலாம். இந்த முதல் சுற்று முடிந்ததும் உள்ளே போய், செருப்பைக் கழற்றிவிட்டு, சொல்லிவிடலாம். 'ஐயா, ஒரு விஷயமுங்க.' சரி, அதற்கு அப்புறம்? 'அன்னைக்கு நடந்தது வேறங்க.' எந்த அன்னைக்கு என்பார். அந்த வீட்டில் அன்னைக்கு என்றால் ஒரே அன்னைக்குத்தான், இருந்தாலும் கேட்பார், கேட்டுவிட்டு நிமிர்ந்து பார்ப்பார், அந்தப் பார்வைக்கு நேரே அடுத்த வாக்கியம் வர வேண்டும், அந்த வாக்கியம்தான் ஒன்பது வருஷமாக வர மாட்டேன் என்கிறது. 'தப்பு எம்பேர்லதானுங்க' என்று ஆரம்பிக்கலாமா? ஆரம்பத்திலேயே தப்பு என்று சொல்லிவிட்டால் மீதியை அவர் கேட்கவே மாட்டார். 'தம்பி மேல தப்பு இல்லீங்க' என்று ஆரம்பித்தால்? அப்போது யார் மேல் என்பார். எப்படித் திருப்பினாலும் கடைசியில் அவன் பெயரில் வந்துதான் நிற்கிறது. ஆடிக் காற்று ஷெட்டின் தகரத்தைத் தூக்கித் தூக்கிப் போட்டது. ஐந்தாவது நட்டா, ஆறாவதா? விட்டுவிட்டான். எண்ணிக்கையை விட்டுவிட்டால் மறுபடி நடுவிலிருந்து வர வேண்டும், வந்தான். இதற்கெல்லாம் ஒழுங்காகத் திரும்ப வருகிறான் பாருங்கள்.

அன்றைக்கு ஒரு ஸ்பேனர் இருந்தது. அதுதான். எத்தனை தடவை யோசித்தாலும் அந்த ஒரு ஸ்பேனரில் வந்து இடித்துக்கொள்கிறது. ஒன்பது வருஷத்துக்கு முன்னால், ஆயுத பூஜைக்கு முந்தின நாள் சாயங்காலம், இதே இன்ஜினுக்கு இதே இடத்தில் நின்று, தண்ணீர் கசியாமல் ஹெட்டுக்கு அடியில் வைக்கிற கேஸ்கெட்டை மாற்றி ஹெட்டை மாட்டினான். கால் மணி நேரம் ஓட்டிச் சூடாக்கினான். சூடு ஆறினால் புதுக் கேஸ்கெட் அமுங்கும், நட்டுகள் தளரும், மறுநாள் குளிர்ந்த இன்ஜினில் இன்னொரு தரம் முறுக்கினால்தான் அந்த வேலை வேலை. மறுநாள் ஆயுத பூஜை. இவன் பட்டறையில் ஸ்பேனர், சுத்தியல், டார்க் ரெஞ்ச் எல்லாம் குளித்து, சந்தனம் குங்குமம் வைத்துக்கொண்டு வாழையிலையில் படுத்திருந்தன, விஜயதசமி காலையில் கற்பூரம் காட்டித்தான் எடுக்க வேண்டும், அதுவரை தொடக்கூடாது. அவன் அப்பா தொட்டதில்லை, அவனும் தொட்டதில்லை. அதில் தப்பே இல்லை, யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் ஸ்கூட்டர் டிக்கியில் ஒரு ரிங் ஸ்பேனர் இருந்தது. பூஜைக்கு எடுத்து வைக்க மறந்துபோனது. சந்தனம் இல்லை, குங்குமம் இல்லை, வெறும் ஸ்பேனர். அந்த நட்டுக்குச் சரியாகப் பொருந்தும் அளவு. சாயங்காலம் பொரி கடலை தின்றுகொண்டிருக்கும்போது அது நினைவுக்கு வந்தது, வராமல் இல்லை, வந்தது. பத்து நிமிஷ வேலை. நாளைக்குப் பார்த்துக்கலாம் என்று இன்னொரு கை பொரி அள்ளினான். வண்டியை எடுக்க வேண்டாம் என்று ஒரு போன் போட்டுச் சொல்லியிருக்கலாம், அதுவும் சொல்லவில்லை. வண்டிக்கு மாலை போட்டிருப்பார்கள், சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்திருப்பார்கள், யார் எடுக்கப்போகிறார்கள் என்று நினைத்தான். சுதர்சன் எடுத்தான். இருபத்திரண்டு வயது, காலேஜ் முடித்த கையோடு இருந்தான், விஜயதசமி விடியலில் சிநேகிதர்கள் நாலு பேரை ஏற்றிக்கொண்டு மருதமலைக்குப் போனான். ஏற்றத்தில் வண்டி கொதித்து, ஹெட்டில் விரிசல் விட்டு நின்றது. பத்து மணிக்கு லாரியில் கட்டி இழுத்துக்கொண்டு வந்தார்கள். நட்டு முறுக்கத் தூக்கிக்கொண்டு வந்த டார்க் ரெஞ்சோடு திருமூர்த்தி இந்தக் கேட்டருகே நின்றுகொண்டிருந்தான். ரேடியேட்டர் மூடியைத் திறந்தான். உள்ளே சொட்டுத் தண்ணீர் இல்லை. "தண்ணி இல்லாம ஓட்டியிருக்காங்க ஐயா" என்றான். கண்ணால் பார்த்ததைச் சொன்னான், அவ்வளவுதான், அந்த நிமிஷத்தில் அது பொய் இல்லை. "பாத்தேன்ப்பா, காலைல நானேதான் ஊத்துனேன்" என்று சுதர்சன் சொல்லி முடிப்பதற்குள் பெரியவர் கை நீட்டிவிட்டார். பளீரென்று விழுந்தது, சிநேகிதர்கள் நாலு பேர் முன்னாலும், லாரி டிரைவர் முன்னாலும். அதற்கு அப்புறம்தான் திருமூர்த்தி ரெஞ்சை எடுத்து நடு நட்டில் போட்டான். அது தன்னால் கால் சுற்று சுற்றிக்கொண்டு போனது. அடுத்ததும் அப்படியே. கேஸ்கெட் வழியாகத் தண்ணீர் எல்லாம் வெளியே போயிருக்கிறது என்று அப்போது தெரிந்துவிட்டது. அவன் சொன்னதற்கும் அவனுக்குத் தெரிந்ததற்கும் நடுவில் கால் மணி நேரம் இருக்கும். பையன் இன்னும் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அங்கேயேதான் நின்றான். வாயைத் திறந்திருந்தால் அன்றோடு முடிந்திருக்கும்.

முதல் சுற்று முடிந்துவிட்டது. உள்ளே போகவில்லை. இரண்டாவது சுற்று முடியட்டும் என்று ரெஞ்சை நாற்பதுக்குத் திருப்பினான். நாற்பதில் மூன்று நட்டு ஆகியிருக்கும், பெரியவரே வந்துவிட்டார், ஒரு கையில் மோர் டம்ளர், ஒரு கையில் போன். மனைவி சுலோசனா பங்குனியில் இறந்ததிலிருந்து அவரேதான் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு வருகிறார், பாதி வழியில் சிந்திவிடும்.

"குடி. உப்பு போட்டேனான்னு தெரியல."

"இருக்கட்டுங்க ஐயா."

"நீலமா ரெண்டு கோடு வந்துருச்சு. பாத்துட்டான்னு அர்த்தமாமே? பக்கத்து வூட்டுப் புள்ள சொல்லுச்சு." போனைத் திருப்பிக் காட்டினார். போட்டோவில் திருமூர்த்தியின் விரல் பெரிதாக இருந்தது, முகம் சின்னதாக. "பாத்துட்டு ஒண்ணுமே சொல்லல பாரு. அழுத்தம். எம்பட அழுத்தம்தான்."

"வேலையில இருப்பாருங்க."

"வண்டி போனது எனக்குப் பெருசில்ல திருமூர்த்தி. எங்கப்பா வாங்குன வண்டி, நாப்பத்தெட்டாம் வருஷத்து வண்டி, சரி, இரும்புதானே, போச்சுன்னா போகுது. தண்ணி பாக்கலப்பா, மறந்துட்டேன்னு ஒரு வார்த்தை. அன்னைக்கே வுட்டுருப்பேன். எம்மொகத்தப் பாத்துப் பொய் சொன்னான் பாரு, அதத்தான் என்னால முழுங்க முடியல. அவ சாகறப்பக்கூடக் கேட்டா, அவனக் கூப்புடுங்கன்னு. ஒத்துக்கட்டும், கூப்புடறேன்னேன்."

திருமூர்த்தி மோரைக் குடித்தான். உப்புப் போட்டிருக்கவில்லை. 'ஐயா, ஒரு விஷயமுங்க' என்பது நாக்கின் நுனி வரைக்கும் வந்தது, நிஜமாகவே வந்தது, டம்ளரைக் கீழே வைத்துவிட்டு மூச்சை இழுத்தான்.

"என்னப்பா?"

"நல்லாருக்குங்க மோரு."

பெரியவர் தலையை ஆட்டிவிட்டு, சுவரோரம் கிடந்த முக்காலியை இழுத்துப்போட்டு அங்கேயே உட்கார்ந்துகொண்டார். இனி உள்ளே போய்ச் சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை, ஆள் நாலடி தூரத்தில்தான் இருக்கிறார், செருப்பைக் கழற்றக்கூட வேண்டாம். இது திருமூர்த்திக்கு இன்னும் கஷ்டமாகப் போயிற்று. நாற்பது, நாற்பது, நாற்பது. சொன்னால் என்ன ஆகும்? அடிப்பார். அடிக்கட்டும், எழுபத்தெட்டு வயதுக் கை, சந்தோஷமாக வாங்கிக்கொள்ளலாம். கோயமுத்தூரில் பழைய வண்டி வைத்திருக்கிற அத்தனை பேருக்கும் தெரிந்துபோகும், பட்டறைக்கு ஒருத்தன் வர மாட்டான். போகட்டும், அதையும் ஒருமாதிரி சமாளிக்கலாம். ஆனால் அடித்து முடித்த பிறகு இந்த மனிதர் இதே முக்காலியில் உட்கார்ந்து யோசிப்பாரே, அதற்கு என்ன செய்வது? பிள்ளை பொய் சொல்லவில்லை. ஒன்பது வருஷம் அவனை வாசல் ஏற்றவில்லை. பெண்டாட்டி கேட்டும் கூப்பிடவில்லை. மயானத்துக்கு நேராக விமானத்திலிருந்து வந்து, மொட்டை போட்டு, அம்மாவுக்குக் கொள்ளி வைத்துவிட்டு, வீட்டுப் படி மிதிக்காமல் அப்படியே திரும்பிப் போனான் பிள்ளை. அத்தனையும் ஒன்றுமில்லாததற்கு. இதைத் தெரிந்துகொண்டு இந்தக் கிழவர் எப்படி இருப்பார்? அதனால் சொல்லாமல் இருப்பதுதான் நல்லது, அவருக்கு நல்லது. ஆகா, எவ்வளவு நல்ல மனசு திருமூர்த்திக்கு. பயத்துக்கு வெள்ளை வேட்டி கட்டிக் கூட்டிக்கொண்டு வருகிறான். அவனுக்கே அது தெரிந்துதான் இருந்தது, தெரிந்தும் அந்த யோசனையைக் கொஞ்ச நேரம் விடாமல் பிடித்துக்கொண்டான், பிடித்துக்கொள்ள வேறு எதுவும் இல்லாததால். சுதர்சன் வீட்டை விட்டுப் போன அன்று கேட்டுக்கு வெளியே, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, இவனிடம்தான் சொன்னான். 'நான் தண்ணி பாத்தேங்ணா. நீங்களாச்சும் நம்புங்ணா.' நம்புகிறேன் தம்பி என்று சொல்ல அன்றைக்கு என்ன கேடு? ஐயா கோபம் ஆறட்டும் தம்பி என்றான். கோபம் ஆற வைக்கிற சாவி இவன் கையில்தான் இருந்தது. மயானத்தில் பார்த்தபோதும் மொட்டைத் தலையோடு பக்கத்தில் வந்து நின்று, வண்டி எப்படிங்ணா இருக்கு என்று அதை மட்டும் கேட்டான். கெடக்குதுங்க தம்பி என்றான் இவன். விரிசலுக்கு லேத் பட்டறையில் ஒட்டுப் போட்டு இரண்டு தடவை பார்த்ததும், இரண்டு தடவையும் விட்டுக்கொண்டதும், வண்டி தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு நிற்பதும், எதையும் சொல்லவில்லை. இந்த உலகத்தில் உண்மை தெரிந்தவர்கள் இரண்டே பேர். அதில் ஒருத்தன் புனேயில் இருக்கிறான். அவன் இருக்கும் வரைக்கும் அந்த உண்மை எங்கேயோ பத்திரமாக இருக்கிறது என்று திருமூர்த்திக்கு ஒரு எண்ணம். தான் சொல்லாவிட்டாலும் அது செத்துப்போகாது, ஒருத்தன் அதை வயிற்றெரிச்சலோடாவது வைத்துக்கொண்டிருக்கிறான் என்று. இத்தனை வருஷமும் அந்த எண்ணத்தில்தான் அவனுக்குச் சோறு இறங்கியது.

அறுபது. மூன்றாவது சுற்று. இப்போது ரெஞ்சை இழுக்க முதுகும் சேர்ந்து வர வேண்டும். நடு நட்டு முனகிக்கொண்டு கொஞ்சம் நகர்ந்து நின்றது. எதிர்த்த நட்டு. கேஸ்கெட் நல்ல கேஸ்கெட், ஹெட்டில் வளைவு இல்லை, இரும்புப் பட்டை வைத்துப் பார்த்தாயிற்று, வால்வு எட்டும் உட்கார வைத்தாயிற்று. குன்னூர் எஸ்டேட் ஷெட்டில் செடி முளைத்துக் கிடந்த வண்டியிலிருந்து இப்படி ஒரு ஹெட் கிடைக்கும் என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். வேலையில் ஒரு குறையும் வைக்கவில்லை. வண்டி ஓடும். அதனால் என்ன? வண்டி ஓடினால் பெரியவர் இன்னும் நிச்சயமாகச் சொல்வார், பார், ஒழுங்காக வைத்திருந்தால் எப்படி ஓடுகிறது என்று. திருமூர்த்தி எதைச் சரி பண்ணினாலும் அந்தப் பையன் மேல்தான் போய் விழுகிறது. நான்காவது. ஐந்தாவது. பத்தாவது நட்டோடு சொல்லிவிடுவது. இனி இன்னொரு சுற்று இல்லை, தள்ளிப்போட இடமில்லை. ஆறாவது. ஏழாவது. பெரியவர் முக்காலியில் உட்கார்ந்து போனையே பார்த்துக்கொண்டிருந்தார். எட்டாவது நட்டில் ரெஞ்ச் நிற்கும்போது போன் அடித்தது.

பெரியவர் எழுந்தே விட்டார். போனைக் காதில் வைத்தும் ஹலோ என்று சொல்லவில்லை. அந்தப் பக்கத்துப் பேச்சு திருமூர்த்திக்குக் கேட்கவில்லை, காற்றும் தகரமும்தான் கேட்டன. "ம்" என்றார். "நீ போட்டோவப் பாத்துட்டேன்னு தெரிஞ்சுது." அப்புறம் கேட்டுக்கொண்டே இருந்தார். அவருடைய தாடை ஒரு பக்கமாக ஆடியது. முக்காலியைக் கையால் தேடி உட்கார்ந்தார். "சரி" என்றார். "சரி, வுடு. அழுவாதடா. ஆம்பளப் பையன் ஆபீஸ்ல உக்காந்துட்டு... சரி, சரி. எனக்கு இந்த ஒரு வார்த்த போதும். தீவாளிக்கு வா. வர்றியா? அம்மா படத்துக்கு மாலை மாத்தோணும், நீ வந்து மாத்து." கண்ணாடியைக் கழற்றி வேட்டித் தலைப்பில் துடைத்தார், கண்ணைத் துடைக்கவில்லை, அது பாட்டுக்கு வழிந்தது. ஒன்பது வருஷத்தில் அந்த முகத்தில் இப்படி ஒரு வெளிச்சத்தைத் திருமூர்த்தி பார்த்ததில்லை. "உங்கிட்டப் பேசோணுமாம்" என்று போனை நீட்டினார். கிரீஸ் கையோடு வாங்கினான்.

"அண்ணா, நல்லாருக்கீங்ளா?"

"இருக்கேனுங்க தம்பி."

"போட்டோ பாத்தேங்ணா. உங்க விரல் இருந்துச்சு அதுல. ரொம்ப நேரம் அதையே பாத்துட்டு இருந்தேன். பெரிய விரிசல்தானுங்ணா. அப்பாகிட்டச் சொல்லிட்டேன், தப்பு என்னுதுதான்னு."

திருமூர்த்தி வண்டிக்கு அந்தப் பக்கமாக நகர்ந்தான். குரலைத் தாழ்த்தினான். "தம்பி, நீங்க தண்ணி பாத்தீங்க" என்றான்.

சுதர்சன் சிரித்தான், மூக்கடைத்துக்கொண்ட சிரிப்பு. "நீங்க நல்லவருங்ணா. எனக்காகச் சொல்றீங்க."

"இல்லீங்க தம்பி. நெசமாத்தான் சொல்றேன். பாத்தீங்க."

"இல்லீங்ணா. ஒம்பது வருஷமா நானும் அப்படித்தான் சொல்லிட்டிருந்தேன். காலைல எந்திரிச்சது ஞாபகம் இருக்கு, சாவி எடுத்தது ஞாபகம் இருக்கு. தண்ணி ஊத்துனது ஞாபகமே வர மாட்டேங்குது. யோசிச்சு யோசிச்சுப் பாத்துட்டேன். ஊத்தியிருக்க மாட்டேங்ணா. அவசரத்துல மறந்திருப்பேன். நீங்க தொறந்து பாத்தப்ப இல்லைதானே? நீங்க எதுக்குப் பொய் சொல்லப்போறீங்க? பயத்துல நாந்தான் அப்படிச் சொல்லியிருக்கேன். அப்பறம் அதையே நம்பிட்டேன். அம்மா இருக்கறப்பவே இதச் சொல்லியிருந்தா... மன்னிச்சுக்குங்ணா. அன்னைக்கு உங்களையும் மனசுக்குள்ள எவ்வளவோ திட்டியிருக்கேன்."

நட்டு என்ற வார்த்தை வாயில் இருந்தது. நான் முறுக்கலை தம்பி என்று மூன்று வார்த்தை. அதைச் சொல்லிவிட்டால் அந்தப் பிள்ளை கேட்கும், அப்படின்னா எங்கம்மா என்னப் பாக்காமயே போனது எதுக்குங்ணா, என்று. எதிரே பெரியவர் எழுந்து நின்று, பேரப்பிள்ளை பேசுவதைக் கேட்கிறவர் மாதிரி வாயைத் திறந்துவைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாங்க தம்பி" என்றான். "வண்டி தயாரா இருக்கும்."

போன் நின்றுவிட்டது. சும்மா காதிலேயே வைத்துக்கொண்டிருந்தான். இனி அந்த உண்மை அவன் ஒருவனிடம்தான் இருக்கிறது. அவன் சொன்னாலும் நம்ப ஆள் இல்லை, நம்ப வேண்டியவனே நல்ல மனசு என்று சொல்லிவிட்டான். வெயில் ஷெட்டுக்குள் வந்திருந்தது. இரண்டு நட்டு பாக்கி இருந்தன.

பெரியவர் வந்து போனை வாங்கிக்கொண்டு அவன் தோளில் கை வைத்தார்.

"அன்னைக்கு அத்தன பேர் நின்னோம் திருமூர்த்தி" என்றார். "உள்ளதைச் சொன்னவன் நீ ஒருத்தன்தான்."

"ஆமாங்க" என்றான் திருமூர்த்தி.